மூன்று பிறவி எடுத்த இழுவை வண்டி

நடுவழியில் அச்சு முறிந்து நின்றுவிட்ட லாரியைக் கொக்கியில் மாட்டி, அதன் முன்பகுதியைத் தூக்கி, மெதுவாக இழுத்துச் செல்லும் வண்டியை நீங்கள் சாலையில் கண்டிருப்பீர்கள். பிரேக்டவுன் வண்டி, ரெக்கவரி வண்டி என்று பலவாறாக அதை அழைக்கிறோம். இழுக்கப்படும் வண்டி எது, எங்கே விபத்து நடந்தது என்று கேட்போமே தவிர, இழுக்கும் வண்டியை யாரும் கவனிப்பதில்லை. உண்மையில் கவனிக்கத் தக்கது அதுதான். பழைய இழுவை வண்டிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் இழுவை வண்டியாகப் பிறந்தவை அல்ல. வேறொரு வேலைக்காகப் பிறந்து, அந்த வேலை முடிந்து, பட்டறைக்காரர் ஒருவரின் கையில் மறுபிறவி எடுத்தவை. சட்டம் ஒரு வண்டியுடையது, எஞ்சின் இன்னொன்றுடையது, பின் அச்சு மூன்றாவது ஒன்றுடையது, மேலே நிற்கும் கிரேன் பட்டறையிலேயே பற்றவைத்தது.

இத்தகைய ஒட்டுப்போட்ட வண்டி ஒன்று, அதுவும் நான்கு சக்கரங்களும் உந்தும் வகையைச் சேர்ந்தது, ஒரு கொட்டகையின் மூலையில் துருவேறிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது யார், எந்த ஊர், என்ன வயது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்த பின் அதை எந்த உருவத்துக்குத் திருப்புவது? முதல் கேள்விக்கு மேல்நிலைப் பள்ளி இயற்பியலும் சிறிது வரலாறும் போதும். இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதன்று.

நான்கு சக்கரமும் உழைத்தால்

முதலில் நான்கு சக்கர உந்துதல் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்ப்போம். ஒரு சக்கரம் தரையை எவ்வளவு விசையுடன் பின்னுக்குத் தள்ள முடியும்? உராய்வுக் கெழுவையும் அந்தச் சக்கரத்தின் மேல் விழும் எடையையும் பெருக்கினால் வரும் தொகைக்கு மேல் ஒரு துளியும் தள்ள முடியாது. எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் இந்த எல்லை மாறாது. 4,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி சேற்றில் நிற்கிறது; உராய்வுக் கெழு 0.3; எடையில் பாதி பின் சக்கரங்களின் மேல் இருக்கிறது. பின் சக்கரங்கள் மட்டும் உந்தினால் கிடைக்கும் இழுவிசை 600 கிலோகிராம் எடை. நான்கும் உந்தினால் 1,200. எஞ்சினை மாற்றாமல், ஒரு சொட்டு எரிபொருள் கூட்டாமல், இழுவிசை இரட்டிப்பாகி விட்டது.

இதை உணர்ந்து செயலாக்கியவர்களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளின்டன்வில் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஆட்டோ சாக்கோவ், வில்லியம் பெசர்டிக் ஆகிய இருவரும் முக்கியமானவர்கள். அவர்கள் 1908-இல் காப்புரிமை பெற்றனர். அவர்களது முயற்சியில் உருவான எஃப்.டபிள்யூ.டி. நிறுவனத்தின் 'மாடல் பி' லாரி முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவின் சேற்றுக்குள் இறங்கியது. அதே மாநிலத்தின் கெனோஷா நகரில் 1913 முதல் உருவான 'ஜெஃப்ரி குவாட்' இன்னொரு படி மேலே போய், நான்கு சக்கரங்களையும் உந்தவும் செய்தது, திருப்பவும் செய்தது.

இதே காலத்தில்தான் இழுவை வண்டியும் பிறந்தது. டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். 1916-இல் ஓடையில் கவிழ்ந்துவிட்ட ஒரு ஃபோர்டு மாடல் டி காரை வெளியே எடுக்க அவரை அழைத்தனர். ஆறு ஆட்கள், கயிறுகள், மரக்கட்டைகள் ஆகியவற்றைக் கொண்டு அதை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதன் பிறகு அவர் ஒரு பழைய 1913 மாதிரி கேடிலாக் காரின் மேல் மூன்று கம்பங்கள், ஒரு கப்பி, ஒரு சங்கிலி ஆகியவற்றைப் பொருத்தினார். ஆக, இழுவை வண்டியின் மூதாதையே ஒட்டுப்போட்ட வண்டிதான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இன்று சட்டனூகாவில் இழுவை வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

ஹோம்ஸ் பின்னர் வடித்த இரட்டைக் கை கிரேன் அழகான யோசனை. பள்ளத்தில் கிடக்கும் வண்டியைப் பக்கவாட்டில் இழுத்தால், இழுக்கும் வண்டியே பள்ளத்தின் பக்கம் கவிழும். நியூட்டனின் மூன்றாம் விதியை ஏமாற்ற முடியாது. எனவே வலது கையால் பள்ளத்து வண்டியை இழுக்கும்போது, இடது கையின் கம்பிவடத்தை எதிர்ப்புறத்து மரத்தில் கட்டிவிடுவர். இரண்டு இழுப்புகளும் ஒன்றையொன்று சமன் செய்ய, நடுவிலுள்ள வண்டி அசையாமல் நிற்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் 'டைமண்டு டி 969' மீட்பு லாரியில் இந்த இரட்டைக் கைகளே இருந்தன.

கனடாவில் பிறந்த பட்டாள லாரி

நம் கொட்டகை வண்டிக்கு வருவோம். அதை ஆஸ்திரேலியாவின் கிராமப்புறம் ஒன்றில் நிறுத்துவோம். காரணம் இருக்கிறது. அந்நாட்டுச் சிற்றூர்ப் பட்டறைகளில் பல பத்தாண்டுகள் உழைத்த நான்கு சக்கர உந்து இழுவை வண்டிகளில் மிகப் பல, ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அக்குலத்தின் பெயர் 'கனடியப் படை மாதிரி'. ஆஸ்திரேலியர்கள் செல்லமாக 'பிளிட்ஸ்' என்பார்கள்.

1937-இல் கனடிய அரசு ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய இரு நிறுவனங்களின் கனடியக் கிளைகளையும் அழைத்து, பிரிட்டிஷ் படையின் தேவைக்கேற்ற லாரி ஒன்றை மாதிரியாகச் செய்து காட்டும்படி கேட்டது. சந்தையில் ஒருவரையொருவர் வீழ்த்தத் துடித்த இரு நிறுவனங்களும் போர் மூண்டதும் ஏறக்குறைய ஒரே வடிவமுள்ள வண்டியைச் செய்தன. ஃபோர்டு விண்ட்சரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆஷவாவில். ஓட்டுநர் அறையும் சக்கரமும் பிற பல உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தின. எஞ்சின் மட்டும் அவரவருடையது. ஃபோர்டு வண்டியில் 239 கன அங்குல வி-8. செவர்லே வண்டியில் 216 கன அங்குல, ஆறு உருளைகள் வரிசையாக நிற்கும் எஞ்சின். போர் முடிவதற்குள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. பல நாடுகளுக்கு அவை உதிரிகளாகப் பெட்டிகளில் அனுப்பப்பட்டு அங்கங்கே பூட்டப்பட்டன.

இந்தியாவுக்கும் இவற்றுடன் உறவு உண்டு. கனடிய ஃபோர்டு சட்டத்தின் மேல் டாட்டா நகரில் கவசக்கூடு பொருத்திய போர் வண்டிகள் இங்கே ஆயிரக்கணக்கில் உருவாயின. போருக்குப் பின் ஏலத்தில் போன லாரிகள் குடகிலும் கேரள மலைகளிலும் மரம் தூக்கி ஏற்றும் வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தன. இவ்வண்டியின் மூக்கு சப்பையாகவும் ஓட்டுநர் எஞ்சினை ஒட்டியும் அமர்ந்திருப்பதைப் படங்களில் காணலாம். நீளத்தைக் குறைத்துச் சரக்கிடத்தைக் கூட்டச் செய்த ஏற்பாடு அது. அதன் விளைவாக முன் அச்சின் மேல் எடை கூடியது. பிற்காலத்தில் கிரேன் பொருத்தியவர்களுக்கு இது எதிர்பாராத வரமாக அமைந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1944-இல் ஆஸ்திரேலிய அரசு போர்ப் பொருள்களை விற்க ஓர் ஆணையம் அமைத்தது. படைக்கு வேண்டாத லாரிகள் விவசாயிகளுக்கும் மரம் வெட்டுவோருக்கும் பட்டறைக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. புது லாரி கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. சேற்றிலும் மணலிலும் சிக்கிய வண்டியை இழுக்க நான்கு சக்கரமும் உந்தும் வண்டியைவிட ஏற்றது எது? பின்னாலிருந்த மரப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கிடைத்த இரும்பால் ஒரு கிரேன் கட்டினார்கள். எஞ்சின் தேய்ந்தால் கைக்கு எட்டிய வேறு எஞ்சின். அச்சு முறிந்தால் அடுத்த பண்ணையில் கிடக்கும் இன்னொரு பட்டாள லாரியின் அச்சு.

துப்பறியும் வேலை

வண்டியைக் கண்டதும் கழுவத் தோன்றும். கழுவாதீர்கள். மணல் வீச்சு முறையில் துருவைச் சுரண்டினால் ஒரே நாளில் பளபளவென்று ஆகிவிடும். கூடவே சாட்சியமும் போய்விடும். தொல்லியல் அறிஞர் மண்ணடுக்குகளைப் படிப்பது போல நாம் பெயின்ட் அடுக்குகளைப் படிக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள இடத்தை நுண்மையான உப்புத்தாளால் நீர் தொட்டு மெல்லத் தேய்த்தால் வளையம் வளையமாக நிறங்கள் தோன்றும். வெளியே வெள்ளை, அதனடியில் சிவப்பு, அதனடியில் மங்கிய பச்சை, எல்லாவற்றுக்கும் அடியில் செந்நிற அடிப்பூச்சு. மேலிருந்து கீழாக வண்டியின் வரலாறு பின்னோக்கி ஓடுகிறது. பழைய பூச்சுகளில் ஈயம் உண்டு. எனவே உலர்ந்த தூள் பறக்கவிடாமல், முகமூடியுடன் செய்ய வேண்டும்.

இப்போது கிரேனின் கால் சட்டத்துடன் சேரும் இடத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். அங்கே பச்சை மட்டும் இருந்து சிவப்பு இல்லை என்றால், கிரேன் பொருத்திய பிறகுதான் சிவப்பு அடிக்கப்பட்டது என்று பொருள். சிவப்பு இருந்தால் கிரேன் பிந்தையது. அதற்கு முன் வண்டி சிவப்பு நிறத்தில் வேறொரு வேலை பார்த்திருக்கிறது. தீயணைப்பு வேலையாகக்கூட இருக்கலாம். இப்படிப் பத்து இடங்களில் பார்த்துக் குறித்துவிட்டால் எது முன், எது பின் என்ற வரிசை கிடைத்துவிடும்.

வண்டியின் எண் பொறித்த தகடு ஓட்டுநர் அறையில் இருந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது தொலைந்திருக்கும் அல்லது வேறு வண்டியிலிருந்து வந்த அறையுடன் சேர்ந்து வந்திருக்கும். ஆகையால் அறையில் உள்ள தகடு சட்டத்துக்குச் சாட்சி ஆகாது. சட்டத்தின் மேற்பரப்பில் அழுத்திப் பொறித்த எண்ணைத் தேட வேண்டும். எழுத்துகளின் பொருள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 'சி' செவர்லே, 'எஃப்' ஃபோர்டு. 15, 30 என்பவை 15, 30 ஹண்ட்ரட்வெயிட் சுமைத்திறன். 60 என்பது 3 டன். 'சி 15 ஏ' என்பதில் உள்ள 'ஏ' நான்கு சக்கரமும் உந்தும் என்பதைக் குறிக்கும். 60-க்குப் பின் 'எஸ்' இருந்தால் குட்டைச் சட்டம், 'எல்' இருந்தால் நீளச் சட்டம். குட்டையில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 134 அங்குலம். நீளத்தில் 158 அங்குலம். பீரங்கி இழுக்கும் வண்டியிலும் 'சி 15 ஏ'-யிலும் 101 அங்குலம்.

ஆகவே ஓர் அளவுநாடா போதும், சந்தேகம் தொடங்கிவிடும். நீங்கள் அளக்கிறீர்கள், 146 அங்குலம் வருகிறது. இந்தக் குலத்தில் அப்படி ஓர் அளவே கிடையாது! பட்டறைக்காரர் நீளச் சட்டத்தை வெட்டிக் குறைத்திருக்கிறார், அல்லது குட்டையை நீட்டியிருக்கிறார். சட்டத்தின் பக்கத் தகட்டைக் கையால் தடவிக்கொண்டே போனால் பற்றவைத்த வடு தட்டுப்படும். வேறு அடையாளமும் உண்டு. தொழிற்சாலை குறுக்குச் சட்டங்களை ரிவெட் அடித்தே இணைத்தது. சூடான ரிவெட் குளிரும்போது சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். வெப்ப விரிவு பற்றிய பாடத்தில் எடுத்துக்காட்டாக வரும் அதே செய்திதான். பட்டறையில் ரிவெட்டை அறுத்துவிட்டால் திரும்ப அடிக்க வசதி இராது, போல்ட் போடுவார்கள். ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் இருந்தால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஓட்டுநர் அறைக்கு மூன்று தலைமுறைகள் உண்டு: 11, 12, 13 என்ற எண்கள். 1940-இல் 11, 1941-இல் 12, அவ்வாண்டின் இறுதியிலிருந்து 13. முதல் இரண்டிலும் முன்கண்ணாடி நிமிர்ந்து நிற்கும். பதின்மூன்றாவதில் கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னே சாய்ந்து, கீழ்விளிம்பு உள்ளே போயிருக்கும். முகம் சுளித்தாற்போன்ற இத்தோற்றம் அழகுக்காக அன்று. வழக்கம்போல் பின்னோக்கிச் சாய்ந்த கண்ணாடியில் பட்ட சூரிய ஒளி மேல்நோக்கித் திரும்பி, வானூர்தியில் இருப்பவன் கண்ணில் மின்னும். முன்னோக்கிச் சாய்ந்த கண்ணாடியோ அதைத் தரையை நோக்கித் திருப்பிவிடும். படுகோணமும் எதிர்பலிப்புக் கோணமும் சமம் என்று எட்டாம் வகுப்பில் படித்ததைப் படைத்துறை பயன்படுத்திக்கொண்டது.

எஞ்சினுக்கு வருவோம். ஃபோர்டு வி-8 என்றால் உருளைத் தலையை இறுக்கும் ஸ்டட்டுகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு 21 என்றால் போருக்கு முந்தைய பழைய வகை. 24 என்றால் 1938-க்குப் பிந்தைய வகை. செவர்லே என்றால் வார்ப்பின் மேலேயே தேதி இருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்து சனவரி, மூன்றாம் எழுத்தாகிய 'சி' மார்ச்சு. பின்னர் நாள்; கடைசியில் ஆண்டின் இறுதி இலக்கம் மட்டும். 'சி 17 2' என்று கண்டால் மார்ச்சு 17, ஆண்டு 1942 அல்லது 1952. எது என்று எப்படிச் சொல்வது? அங்கே வேறு சான்றின் துணை தேவை. 1954-க்குப் பிந்தைய 235 கன அங்குல எஞ்சினில் வால்வு மூடியை விளிம்பில் நான்கு திருகுகள் பிடிக்கும். பழைய 216-இல் மூடியின் உச்சியில் இரண்டு ஸ்டட்டுகள் மட்டுமே. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருப்பதால், தேய்ந்த 216-ஐ எடுத்துவிட்டு 235-ஐ வைப்பது பட்டறைகளுக்குக் கைவந்த கலை.

சிறு உறுப்புகளில் உளி முத்திரை ஒன்றைக் காணலாம். 'சி' என்ற எழுத்துக்குள் ஓர் அம்பு நுனி இருந்தால் கனடிய அரசின் சொத்து. இரு 'டி' எழுத்துகளுக்கு நடுவே அம்பு நுனி இருந்தால் ஆஸ்திரேலியப் படையுடையது. ஒரே வண்டியில் இரண்டும் கிடைத்தால் வியப்பதற்கில்லை. சட்டம் கப்பலில் வந்தது, உடல் இங்கே கட்டப்பட்டது.

காணாமற்போன ஷாஃப்ட்

கட்டுரையின் முக்கியமான இடம் இது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட் இருக்கிறது. முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் இல்லை. பழைய வண்டிகளில் இது அடிக்கடி காணப்படும் நிலை. 'யாரோ திருடிவிட்டார்கள், ஒன்று தேடிப் போட்டால் நான்கு சக்கர உந்துதல் திரும்ப வந்துவிடும்' என்றுதான் ஆர்வலர் மகிழ்வார். பொறுங்கள்.

இவ்வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் இறுக்கமாக இணைக்கப்படுபவை. முன்பு சொன்ன எஃப்.டபிள்யூ.டி. லாரியில் இரு அச்சுகளுக்கும் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் இருந்தது, இதில் இல்லை. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓட வேண்டும். பின் அச்சின் நடுப்புள்ளி 8 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், 3.4 மீட்டர் முன்னே உள்ள முன் அச்சின் நடுப்புள்ளி ஏறத்தாழ 8.7 மீட்டர் ஆரத்தில் போகும். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். கால் வட்டம் திரும்புவதற்குள் வேறுபாடு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த ஒரு மீட்டரைச் சரிசெய்துவிடும். தார்ச்சாலையில் வழுக்க முடியாது. ஷாஃப்ட் முறுக்கேறும், பல்சக்கரம் முனகும். அதனால்தான் நல்ல சாலையில் முன் அச்சை விடுவிக்க ஒரு நெம்புகோல் வைத்தார்கள்.

இனி, பின் அச்சு வேறொரு வண்டியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் அச்சின் பல்விகிதம் 6.2, பின் அச்சினுடையது 6.8. இரண்டுக்கும் ஒரே வேகத்தில் ஷாஃப்ட் சுற்றுகிறது. பின் சக்கரங்கள் 100 மீட்டர் உருளும் நேரத்தில் முன் சக்கரங்கள் 109.7 மீட்டர் உருள முயலும். நேர்ச் சாலையில்கூட 100 மீட்டருக்குப் பத்து மீட்டர் சண்டை! எங்காவது ஒன்று உடைந்தே தீரும். அன்றைய பட்டறைக்காரருக்கு இது தெரிந்திருக்கிறது. அவர் ஷாஃப்டைத் தொலைக்கவில்லை, வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார். இன்று நாம் பெருமையுடன் அதைத் திரும்பப் பூட்டினால், எழுபது எண்பது ஆண்டுகள் பிழைத்திருந்த டிரான்ஸ்ஃபர் பெட்டியை முதல் நாளே உடைத்துவிடுவோம்.

அச்சைப் பிரிக்காமலே விகிதத்தை அறியும் வழி எளிது. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்குங்கள். மற்றது தரையில் நிற்கட்டும். வண்டி நகராமல் மற்ற அச்சின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கியரை நடுநிலையில் வையுங்கள். ஷாஃப்டின் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுங்கள். அதுதான் பல்விகிதம். ஏன் இரண்டு சுற்று? டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களின் சராசரியையே ஷாஃப்டுக்குத் தெரிவிக்கும். ஒன்று நிற்க, மற்றது இரண்டு சுற்றினால் சராசரி ஒன்று. அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தாமல் அதன் வயிற்றுக்குள் உள்ள பற்களின் விகிதத்தை அறிந்துவிட்டோம். முன்னும் பின்னும் செய்து பார்த்து, டயர் அளவும் ஒன்றாக இருந்தால் மட்டுமே முன் ஷாஃப்டைப் பற்றிப் பேசலாம்.

முன் அச்சில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. உந்தவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் அரைஅச்சு வளைந்து சுற்ற வேண்டும். சாதாரண ஹூக் மூட்டில் 30 பாகை வளைவில் வெளிச்செல்லும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஊசலாடும்; ஸ்டியரிங் கையில் நடுங்கும். இந்தக் குறையைத் தீர்க்க 1920-களின் பிற்பகுதியில் பிரான்சில் 'டிராக்டா' மூட்டும், அமெரிக்காவில் ஆல்பிரெட் ரெப்பாவின் குண்டு மூட்டும் தோன்றின. ஒட்டுப்போட்ட வண்டியில் இடப்பக்கம் ஒரு வகையும் வலப்பக்கம் வேறு வகையும் இருக்கக்கூடும். இரண்டையும் திறந்து பார்ப்பதே நல்லது.

முன்னாலுள்ள இரும்புப் பாளம்

சில இழுவை வண்டிகளின் முன் பம்பரில் அவலட்சணமான ஓர் இரும்புப் பாளத்தைக் காணலாம். தண்டவாளத் துண்டாக இருக்கலாம். இரும்புப் பெட்டியில் ஊற்றிய கான்கிரீட்டாக இருக்கலாம். அழகுபடுத்துபவர்கள் முதலில் எறிவது இதைத்தான். எறியலாமா? கணக்குப் போடுவோம். வண்டியின் முன் அச்சில் 1,800 கிலோகிராம் எடை இருக்கிறது. அச்சிடைவெளி 3.4 மீட்டர். கொக்கி பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னே தொங்குகிறது. பின் அச்சே சார்புள்ளி. 2,000 கிலோகிராம் தூக்கினால் முன் அச்சிலிருந்து 2,000 × 2 ÷ 3.4, அதாவது சுமார் 1,176 கிலோகிராம் குறையும். எஞ்சுவது 624. 3,000 தூக்கினால் எஞ்சுவது வெறும் 35 கிலோகிராம். முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது. நான்கு சக்கர உந்துதலும் அப்போது பயனில்லை. எடை இல்லாத சக்கரத்துக்கு ஏது உராய்வு?

முன் அச்சுக்கு 0.8 மீட்டர் முன்னே 300 கிலோகிராம் பாளம் ஒன்றை வைத்தால் முன் அச்சின் எடை சுமார் 370 கிலோகிராம் கூடுகிறது. வைத்ததைவிடக் கூடுதலாகக் கிடைப்பதைக் கவனியுங்கள். சப்பை மூக்குள்ள பட்டாள லாரியில் எஞ்சினும் ஓட்டுநரும் ஏற்கனவே முன் அச்சின் மேல் அமர்ந்திருப்பது வரமாயிற்று என்று நான் சொன்னது இதனால்தான். பம்பரில் பாளத்தை மாட்டிய பட்டறைக்காரர் நெம்புகோல் தத்துவத்தைப் புத்தகத்தில் படித்தாரோ இல்லையோ, கையால் அறிந்திருந்தார்.

எந்தப் பிறவிக்குத் திருப்புவது?

இனி கடினமான கேள்வி. வண்டியின் வரலாறு தெரிந்துவிட்டது. 1942-இல் கனடாவில் படைக்காகப் பிறந்தது; நான்கைந்து ஆண்டுகள் பச்சை நிறத்தில் ஓடியது; சட்டம் வெட்டப்பட்டு, எஞ்சின் மாறி, அச்சு மாறி, முப்பது ஆண்டுகள் சிவப்பு நிறத்தில் இழுவை வேலை செய்தது. இதைப் புதுப்பிக்க விரும்புவோரில் பெரும்பாலோர் கிரேனை அறுத்தெறிந்து, சட்டத்தை மீண்டும் 158 அங்குலமாக்கி, பச்சை அடித்து, அணிவகுப்பில் ஓட்டவே ஆசைப்படுகிறார்கள். போர் வண்டிக்கு மதிப்பு அதிகம். பட்டறை வண்டிக்கு யார் கைதட்டுவார்கள்?

என் கருத்து வேறு. லட்சக்கணக்கில் செய்யப்பட்ட பட்டாள லாரி பல அருங்காட்சியகங்களில் இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு பட்டறைக்காரர் தம் கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்த இந்த இழுவை வண்டி ஒன்றே ஒன்றுதான். அதை அறுத்தால் கிடைப்பது உண்மையான போர் வண்டி அன்று. பாதி புதிய உறுப்புகளாலான போலி. 1964-இல் பழைய கட்டடங்களுக்காக வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், ஒரு நினைவுச் சின்னத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்த நல்ல பகுதிகளையும் மதிக்கச் சொல்கிறது. பழைய மோட்டார் வண்டிகளுக்காக உலகக் கூட்டமைப்பு 2013-இல் வெளியிட்ட டூரின் சாசனமும் அதே வழியில் செல்கிறது. நம் வீட்டு அரிவாள்மணையில் அலகை அப்பா மாற்றினார், பலகையை நாம் மாற்றினோம். ஆனாலும் அது பாட்டியின் அரிவாள்மணைதான். அப்படியிருக்க, பாட்டி காலத்து அலகைத் தேடிப் பிடித்துப் பூட்டுவதால் என்ன கூடப் போகிறது?

எதிர்வாதமும் வலுவானதே. மோசமாகப் பற்றவைத்த சட்டத்தையும் மதிக்க வேண்டுமா? சுமை தூக்கும் வண்டியில் வெடிப்புள்ள பற்றவைப்பு ஆளைக் கொல்லும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நிறத்திலும் வடிவத்திலும் வரலாறு பேசட்டும்; பிரேக்கு, கம்பிவடம், கொக்கி, ஸ்டியரிங் ஆகியவற்றில் இன்றைய பாதுகாப்பே பேச வேண்டும். மாற்றிய உறுப்பில் மாற்றிய ஆண்டை உளியால் பொறித்து, கழற்றிய உறுப்பைச் சீட்டுக் கட்டி வைத்துவிட்டால் எதிர்காலத்தவர் ஏமாற மாட்டார்கள்.

கை வைப்பதற்கு முன்

இவ்வண்டியின் சக்கரம் இரண்டு பாதிகளைப் போல்ட்டால் சேர்த்தது. உள்வட்டத்து நட்டுகள் சக்கரத்தை அச்சோடு பிடிக்கும். வெளிவட்டத்து நட்டுகள் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும். காற்று நிறைந்த டயரில் வெளிவட்டத்து நட்டைக் கழற்றினால் என்ன ஆகும்? அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.8 கிலோகிராம் என்று கொண்டால், 500 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மட்டும் 1,400 கிலோகிராம் தள்ளுகிறது. கடைசி நட்டு விடுபடும் கணத்தில் இரும்பு வளையம் பீரங்கிக் குண்டாகிவிடும். பிரிட்டிஷ் படையில் இந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து வைத்தது இதற்காகத்தான். உங்கள் வண்டியில் அந்தச் சிவப்பு எப்போதோ உதிர்ந்திருக்கும். எந்த நட்டையும் தொடும் முன் வால்வின் உள்முள்ளைக் கழற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள்.

பிரேக்கு டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதாதீர்கள். பழைய பிரேக்குப் பட்டையில் கல்நார் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இறுகிப்போன சிறு உறுப்புகளின் துருவை மின்னாற்பகுப்பால் நீக்கலாம். சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த உறுப்பை எதிர்மின் முனையிலும் பழைய இரும்புத் தகட்டை நேர்மின் முனையிலும் இணைத்து, 12 வோல்ட் செலுத்தினால் துரு இளகி உதிரும். நல்ல இரும்பு தேயாது. நேர்மின் முனையில் எவர்சில்வர் வேண்டாம்; அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக நீரில் கரையும். வெளிப்படும் ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் திறந்த வெளியில் செய்வதே முறை. கிரேனின் கொக்கியையும் வில்பட்டைகளையும் இதில் போடக் கூடாது. உறுதியேற்றிய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது கண்ணாடி போல நொறுங்கும் தன்மை பெறும்.

கொக்கியை அளக்க ஒரு காலிப்பர் போதும். வாய் விரிந்திருந்தால், அது என்றோ தாங்க முடியாத சுமையைத் தூக்கியிருக்கிறது. சூடாக்கி வளைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். புதுக் கொக்கி மாட்டி, பழையதை அந்தச் சீட்டுக் கட்டிய உறுப்புகளோடு வையுங்கள். கம்பிவடத்தில் ஒரு கம்பி அறுந்து சிலிர்த்திருந்தாலும் முழு வடத்தையும் மாற்றிவிடுவதே நலம். பற்றவைத்த இடங்களில் சிவப்புச் சாயம் ஊடுருவும் சோதனை செய்து, வெடிப்பு இல்லை என்று தெரிந்த பின், எடை அறிந்த ஒரு சுமையை, முதலில் கால் பங்கு, பிறகு பாதி என்று படிப்படியாகத் தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு படியிலும் முன் அச்சை எடைமேடையில் நிறுத்தி, நாம் மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொக்கிக்கு அடியிலும் வடம் அறுந்தால் வீசும் தூரத்திலும் அப்போது ஒருவரும் நிற்கக் கூடாது.